ஜாக்ஸ்-பி: பேரணாம்பட்டு டேனரிக்காக நாலு மாசம் ஓட்டிப் பார்த்தது

காட்பாடியில உட்கார்ந்துகிட்டு பேரணாம்பட்டுல தோல் பதனிடுற டேனரி ஒண்ணுக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதுறேன். தோல் வாங்குற பார்ட்டி லாட் விவரத்தை எக்ஸ்எம்எல்லாத்தான் (தகவலை டேக் போட்டு எழுதுற ஃபைல் வடிவம்) கேட்பாங்க, ஆர்டரும் அப்படியேதான் வரும். ஜாவா ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக்க, அதை மறுபடி ஆப்ஜெக்ட் ஆக்க ஜாக்ஸ்-பிங்கிற ஜாவா லைப்ரரியைப் பிடிச்சேன்.

முதல் நாளே கடுப்பு. ஜாவா 6-ல இருந்து கூடவே வந்த சரக்கு, 2018-ல ஜாவா 11 வந்தப்ப தூக்கிட்டாங்க. இப்ப தனி ஜாரா, அதாவது லைப்ரரி ஃபைலா, சேர்க்கணும். ஏபிஐ ஜார் மட்டும் போட்டா கம்பைல் ஆகும், ஓடாது, நிஜமா வேலை செய்யுற இம்ப்ளிமென்டேஷன் ஜாரும் வேணும். 3.0-ல இருந்து பேக்கேஜ் பேரும் ஜாவாக்ஸ் போய் ஜகார்த்தா ஆயிடுச்சு. பழைய உதாரணத்தை ஒட்டினா இம்போர்ட் வரியிலேயே சிவப்புக்கோடு.

அதைத் தாண்டிட்டா சுகம். எக்ஸ்எம்எல் எப்படி இருக்கணும்னு சொல்ற எக்ஸ்எஸ்டி ஃபைலை பார்ட்டி கொடுத்திருந்தாங்க. ஜாக்ஸ்-பியோட எக்ஸ்ஜேசி டூல் அதைப் படிச்சு கிளாஸ் எல்லாத்தையும் தானே எழுதிடுச்சு. சதுர அடிக்கு பிக்டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமா வெக்கிற ஜாவா வகை), 4.25 போனா 4.25-ஆவே திரும்பி வருது. தேதிக்கு மட்டும் ஜாவாவோட லோக்கல்டேட் வகை வேணும்னா, மாத்திக் கொடுக்குற அடாப்டரை நாமளே எழுதணும்.

ஒருநாள் ஸ்டோர் பாய் போன் பண்ணார்: "இன்னா தம்பி, தோல் பேரெல்லாம் கேள்விக்குறியா கீது?" 'ஆட்டுத்தோல்' இருக்க வேண்டிய இடத்துல 11 கேள்விக்குறி. எழுத்து ஆறுதானேன்னு முழிச்சேன். புள்ளி, கொம்பு எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தனி எழுத்து, அதான் 11. தப்பு என்னுது. ஜாவாவோட ஃபைல்ரைட்டர்ல எழுதியிருந்தேன். ஃபைல் தலைப்புல யுடிஎஃப்-8-னு இருக்கு, ஆனா ஜாவா 18-க்கு முந்தின ஃபைல்ரைட்டர் விண்டோஸோட என்கோடிங்லதான் (எழுத்தைச் சேமிக்கிற முறை) எழுதும், அதுல தமிழே கிடையாது. அதுக்குப் பதிலா ஃபைல்அவுட்புட்ஸ்ட்ரீம் கொடுத்தேன், ஜாக்ஸ்-பியே யுடிஎஃப்-8-ல எழுதிடுச்சு, சரியாப் போச்சு.

இன்னொண்ணு, கிளாஸ் விவரத்தை வெச்சிருக்கிற ஜாக்ஸ்-பி கான்டெக்ஸ்ட்டை லாட்டுக்கு லாட் புதுசா உருவாக்காதீங்க, நொண்டும். ஒரு தடவை உருவாக்கி வெச்சுக்கலாம், த்ரெட்களுக்கும் (ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்) பொதுவாக் கொடுக்கலாம். எக்ஸ்எம்எல் எழுதுற மார்ஷலர் அப்படி இல்லை, த்ரெட்டுக்குத் தனித்தனி.

இதே வேலை செய்யுற எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரியும் பார்த்தேன். கிளாஸ் மேல எழுதுற குறிப்பு, அதாவது அனோட்டேஷனே வேணாம், ரெண்டு வரியில முடியும். ஆனா வெளியாள் அனுப்புற ஃபைலைத் திறக்கும்போது எந்தக் கிளாஸை அனுமதிக்கிறோம்னு நாமதான் பார்க்கணும். 2021-ல வந்த 1.4.18-ல இருந்துதான் நாம பட்டியல்ல சேர்த்த கிளாஸை மட்டும் விடுது. உள்ளுக்குள்ள செட்டிங்ஸ் ஃபைல் எழுதிக்க எக்ஸ்ஸ்ட்ரீம் போதும். பார்ட்டி எக்ஸ்எஸ்டியோட வந்தா எனக்கு ஜாக்ஸ்-பிதான். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒண்ணு ஜார் தேட வெச்சதுக்கு.