வேர் மருந்துன்னு குடுத்தாங்க, வேரே வரல: மல்லி கன்னு போடுறவங்க பாட்டில திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க

எங்களுக்கு நிலக்கோட்டை பக்கம் கொஞ்சம் பூந்தோட்டம் இருக்கு. பழைய மல்லிச் செடி நெறைய பட்டுப்போச்சு. கன்னு வேணும்னா ராமநாதபுரம் தங்கச்சிமடத்துலேருந்து இறக்குறதுதான் வழக்கம், அங்க மல்லிக் கன்னு போடுறதே ஒரு தொழில். இந்தத் தடவ வண்டி வாடகைய கணக்குப் போட்டுப் பாத்துட்டு நம்மளே குச்சி வெட்டி வெச்சா என்னன்னு தோணி ஆவணில 600 குச்சி வெட்டினேன். வினையே அங்கதான் ஆரம்பம்.

டவுன்ல ஒரு மருந்துக்கடை (பேரு போடல, பின்னால சொல்றேன் ஏன்னு). "அண்ணே, குச்சி வேர் பிடிக்கிற ஹார்மோன் பவுடர் இருக்கா"ன்னு கேட்டேன். "பவுடரெல்லாம் பழசு தம்பி, இப்ப லிக்விடுதான். வேருக்கும் இதுதான், விதை முளைக்கவும் இதுதான், பூ நெறையப் பிடிக்கவும் இதுதான்"னு ஒரு லிட்டர் பாட்டில எடுத்து வெச்சாரு, 480 ரூவா. தண்ணி கலக்காம ராத்திரி பூரா அடிப்பக்கம் ஊறணும்னாரு. பாட்டில் மேல சடை மாதிரி வெள்ளை வேர் படம் வேற. பில்லு கேட்டா மிஷின் ரிப்பேருன்னாரு, நானும் மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

பத்து நாள்ல அத்தனை குச்சியும் துளிர் விட்டுச்சு, நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ஏன்னா அந்தத் துளிர் வெளிறிப்போய், கணுவுக்கு கணு நீண்டு, நூல் மாதிரி ஒல்லியா போய்க்கிட்டே இருந்துச்சு. 25 நாள் தாண்டினதும் ஒவ்வொண்ணா தல சாஞ்சுது. உருவிப் பாத்தா வெட்டுன இடம் கருத்துக் கெடக்கு, வேர்னு ஒரு முடி கூட இல்ல. 600ல தேறுனது 41. இந்த 600 போக மிச்சமாக் கெடந்த 50 குச்சிய எங்க அம்மா எந்த மருந்தும் தொடாம சும்மா மணல்ல குத்தி வெச்சிருந்தாங்க, அதுல 29 வேர் விட்டு நிக்குது. வீட்ல என் மானம் போனது தனி.

சித்தப்பா மகன் அக்ரி படிச்சவன், பாட்டில போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்துல "ஜிப்ரலிக் ஆசிட் 0.001 சதவீதம்". பாத்ததுமே போன் பண்ணிட்டான், "அண்ணே இது வேர் மருந்தே இல்ல, செடிய நீட்டி விடுற மருந்து, இது குச்சில வேர் வர்றத தடுக்கும்"னான். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல.

அவன் சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். குச்சில வேர் கிளப்புறது ஆக்ஸின்ங்கிற செடி ஹார்மோன். அது துளிர்லயும் இளம் இலையிலயும் உண்டாகி தண்டு வழியா கீழ இறங்கி வெட்டுன முனைல சேருது, சேர்ற எடத்துல வேர் வெடிக்குது. குச்சிய தலகீழா நட்டா சரியா பிடிக்காததும், மேல ரெண்டு இலைய விட்டு வெக்கிறதும் இதுக்குத்தான். நர்சரிக்காரங்க அடில தொட்டு வெக்கிற ஐபிஏ பவுடர் இந்த ஆக்ஸின் சாதிதான், இளங்குச்சிக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல 1000 பங்கு), முத்துன கட்டைக்கு 8000 வரைக்கும் போவாங்களாம். அதுக்காக கூடப் போட்டா கூட வேர் வரும்னு நெனக்காதீங்க, களைக்கு அடிக்கிற 2,4-டி கூட இதே ஆக்ஸின் வேலையத்தான் பண்ணுது, அளவு மீறுனா செடி செத்துரும்.

நான் ஊற வெச்ச ஜிப்ரலிக் ஆசிட் வேற சாதி, ஜிப்ரலின்ங்கிற ஹார்மோன். அதோட கதையே நெல்லு வயல்ல இருந்து வந்ததுதான். ஜப்பான்ல நாத்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி வெளிறி ஒசந்து அப்புறம் சாஞ்சு விழுற ஒரு நோய் இருந்திருக்கு, அது ஒரு பூஞ்சை கக்குற பொருளால வர்றதுன்னு 1926ல குரோசாவாங்கிறவர் கண்டுபிடிச்சாரு, அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். என் மல்லித் துளிரும் அச்சு அசல் அதே மாதிரிதான் நின்னுச்சு! மருந்து போலின்னு நான் சொல்லல. விதை முளைக்கிறப்போ உள்ள இருக்குற மாவ சர்க்கரையாக்கச் சொல்லி உத்தரவு போடுறதே ஜிப்ரலின்தான், விதையில்லா திராட்சைல பழம் பெருக்கவும் இதத்தான் காலங்காலமா பயன்படுத்துறாங்க. ஆக கடைக்காரர் சொன்னதுல விதை கதை உண்மை, வேர் கதைதான் பச்சப் பொய். ஒண்ணு வேர இழுக்கும், ஒண்ணு தண்ட இழுக்கும், எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்னு எவன் சொன்னாலும் அப்பவே எந்திரிச்சு வந்துருங்க.

இளநீல ஊற வைங்கன்னு நாலு பேரு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். இளநீல சைட்டோகைனின்ங்கிற இன்னொரு ஹார்மோன் இருக்கு, அதிகமானா அது துளிர் பக்கம்தான் இழுக்கும், வேர் பக்கம் இல்ல.

திரும்பக் கடைக்குப் போனேன். "துளிர் வந்துச்சுல்ல தம்பி, அப்ப மருந்து வேல செஞ்சிருக்கு, உங்க மண்ணுதான் சரியில்ல"ன்னாரு. பாட்டில்ல மருந்து பேர காட்டுனா "கம்பெனிக்காரன் சொன்னதத்தான் சொன்னேன்"னு ஒரே பிடி. இந்த மருந்தெல்லாம் 1968 பூச்சிக்கொல்லி சட்டத்துக்குள்ள வருது, லேபிள்ல பதிவு எண், பேட்ச் நம்பர், காலாவதி தேதி இருக்கணும், கடைக்காரர் பில்லும் தரணும். கைல பில்லு இல்லாம நான் எத வெச்சுப் புகார் குடுக்குறது, கடைப் பேரயும் அதான் போடல, நாளைக்கு அவரு இந்தாள எனக்குத் தெரியவே தெரியாதுன்னா என் கதை முடிஞ்சுது.

ஐபிஏ வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு, சுத்தமான ஐபிஏ பச்சத் தண்ணில லேசுல கரையாது, ஸ்பிரிட்ல கரைச்சுத்தான் தண்ணில சேக்கணும், பொட்டாசியம் உப்பு வகைதான் நேரா கரையும். எது வாங்குறோம்னு கேட்டு வாங்குங்க.

பாட்டில்ல பாதி இன்னும் மிச்சம் இருக்கு. பூட்டி வெச்சிருக்கேன், ஏன்னா அம்மா அதக் கழுவி எண்ணெய் ஊத்தி வெக்கலாமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி தங்கச்சிமடத்துக்கு 500 கன்னுக்கு சொல்லி விட்டாச்சு, வண்டி வாடகையோட.