இன்டர்செப்டர் 650: 47 பிஎச்பி ஏன் எனக்குப் போதுகிறது

பெட்ரோல் பங்க்கில் என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்துக் கேட்பது “650 சிசிக்கு 47 பிஎச்பி (குதிரைத்திறன்) தானா?” நியாயமான கேள்விதான். கவாஸாகி நிஞ்ஜா 650-க்கும் இரட்டை சிலிண்டர்தான், அது 649 சிசி, நம்ம வண்டி 648. ஆனால் அது 8,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 67 பிஎச்பி தருகிறது, இது 2018-ல் வந்ததிலிருந்து 47-லேயே நிற்கிறது. இதே இன்ஜினை 865 சிசி ஆக்குகிற கிட் வெளிச்சந்தையில் கிடைக்கிறது, இதே இன்ஜின் உள்ள கான்டினென்டல் ஜிடியை வைத்து ரேஸும் நடத்துகிறார்கள். ஆக இன்ஜினுக்குள் இன்னும் பவர் இருக்கிறது, தெரிந்தேதான் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் என்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு எனக்கு நன்றாகவே புரிகிறது.

நான் சேலம். கொல்லிமலைக்கு அடிக்கடி போவேன். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஆர்பிஎம் முள் 2,500 பக்கம் கிடக்கும். அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் திணறாது, குலுங்காது, கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாது, இழுத்துக்கொண்டு போய்விடும். மொத்த டார்க், அதாவது இன்ஜினின் திருப்பு விசை, 52 என்எம் (நியூட்டன் மீட்டர்), அதில் 80 சதவீதம் 2,500-லேயே வந்துவிடும் என்று கம்பெனி சொல்கிறது. மலை ஏறும்போது அது உண்மைதான் என்று கைக்கே தெரிகிறது. அந்த 47 பிஎச்பி வருவதோ 7,150-ல். அங்கே முள்ளைக் கொண்டுபோன தடவைகள் இத்தனை வருடத்தில் மிகக் குறைவு. ஊருக்குள் ஓட்டுவதும் சரி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போவதும் சரி, பெரும்பாலும் 2,500-க்கும் 4,500-க்கும் நடுவில்தான்.

பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. அதனால் பிஎச்பியைக் கூட்ட ஒரு வழி, இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்ற வைப்பது. அதற்கு வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வும் புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்தே திறந்திருக்கிற நேரத்தையும் கூட்ட வேண்டும். 8,000 ஆர்பிஎம்மில் காற்று பாய்ந்து வருகிற வேகத்துக்கு அது பொருந்தும். வால்வைத் திறந்து மூடுகிற அதே கேம் 2,500-ல் என்ன செய்யும்? காற்றுக்கு அந்த வேகம் இல்லாததால் உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்பி வெளியே போகும், இன்ஜின் சோர்ந்துவிடும். மேலே கூட்டினால் கீழே குறையும். ஒரே கேமை வைத்துக்கொண்டு இரண்டையும் முழுசாக எடுக்க முடியாது. நிஞ்ஜாவின் சிலிண்டர் 83 மிமீ அகலம், பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 60 மிமீ. இதில் 78, 67.8. கணக்குப் போட்டால் இரண்டு வண்டியிலும் உச்ச பவர் வரும் இடத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 16 மீட்டர் பக்கம் வருகிறது! பிஸ்டன் படுகிற பாடு ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்ட்ரோக் குட்டையாக இருப்பதால் அது 8,000 போகிறது, இது 7,150-ல் நின்றுகொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் டேப்பட். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்துச் சரிசெய்துவிடலாம். கவரைக் கழற்றி, இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, லேசாகப் பிடித்து இழுக்கிற அந்தப் பதம் வந்ததும் நட்டை இறுக்கினால் முடிந்தது. எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் உட்கார்ந்தால் டீ நேரத்துக்குள் எழுந்துவிடுவார். அதிக ஆர்பிஎம் இன்ஜின்களில் இதற்கு ஷிம் என்கிற சின்ன அளவுத் தகடு இருக்கும், மாற்ற வேண்டுமென்றால் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டிவரும். ஷிம் வைத்தால் அசையும் பாகங்களின் எடை குறையும், அதனால் இன்ஜின் வேகமாகச் சுற்றலாம். விட்டுக்கொடுத்த ஆர்பிஎம்முக்குப் பதிலாக எனக்குச் சுலபமான, செலவு குறைந்த சர்வீஸ் கிடைத்திருக்கிறது. ஐந்தாறு வருடம் வண்டி வைத்திருப்பவனுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் சூடு. ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்க வேண்டும். மே மாத மத்தியானம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது காற்றும் இல்லை. வண்டி வந்தபோது நாம் போட்டது 91 ஆக்டேன் சாதாரண பெட்ரோல். அதனால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்துகிற விகிதத்தை, 9.5-க்கு 1 என்று அடக்கி வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் குளிரும் நிஞ்ஜாவில் 10.8. கம்ப்ரஷனை ஏற்றினால் பவர் கூடும்தான், ஆனால் இந்தச் சூட்டில் அந்தப் பெட்ரோலுக்கு நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வர ஆரம்பித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. கம்பெனி ஒரு வண்டியை ராஜஸ்தான் வெயிலிலும், லடாக் உயரத்திலும், சுமாரான பெட்ரோலிலும், சர்வீஸைத் தள்ளிப்போடுகிறவர் கையிலும் ஓட வைத்தாக வேண்டும், அதுவும் மூன்று வருட வாரன்டி கொடுத்து. நல்ல நிலைமையில் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து டியூன் செய்ய அவர்களால் முடியாது, மோசமான நிலைமையிலும் உடையக்கூடாது என்றுதான் பார்ப்பார்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. ஐரோப்பாவில் 18 வயதில் எடுக்கக்கூடிய ஏ2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட் உச்சவரம்பு, அது அப்படியே 47 பிஎச்பி. அங்கேயும் விற்கிற வண்டி என்பதால் இந்த எண் தற்செயலாக வந்ததாக நான் நினைக்கவில்லை. புகை விதியும் உண்டு. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கை ஒட்டி இருக்க வேண்டும், உச்ச பவர் கிடைப்பது 13-ஐ ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பவரைத்தான் ரீமேப் கடைகள், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுகிற கடைகள், எடுத்துத் தருகின்றன.

என் சித்தப்பா மகன் இதே வண்டிக்கு ஒரு கடையில் ரீமேப்பும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டான். நானே ஓட்டிப் பார்த்தேன். 5,000-க்கு மேல் இழுவை கூடியிருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் 2,000 பக்கம் டிராஃபிக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ஒரு உதறல், மைலேஜ் என்னுடையதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவு, ப்ளக்கைக் கழற்றினால் கரி. சத்தத்துக்குப் போலீஸ் நிறுத்துவது தனி. பவரை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றிப் பொறுமையாகச் செய்தால் இதைவிட நன்றாக வரும். அப்படிச் செய்ய நினைக்கிறவர்கள் க்ளட்ச், செயின், பிரேக் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அவையெல்லாம் 47-க்காகச் செய்தவை. வண்டி வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 2.5 லட்சத்தில் ஆரம்பித்தது, நிஞ்ஜா அதைப்போல் இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தில் ரேடியேட்டர் முதல் எல்லாமே அடங்கும்.

வண்டியில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. சீட் கட்டை மாதிரி, நூறு கிலோமீட்டர் தாண்டினால் இறங்கி நடக்கத் தோன்றும். பின் சஸ்பென்ஷன் குழிகளில் முதுகுக்கு அடி கொடுக்கிறது. டேங்க் 13.7 லிட்டர்தான், நீண்ட பயணத்துக்கு இன்னும் மூன்று லிட்டர் இருந்தால் நிம்மதி. கம்பெனி எதையாவது கூட்டித் தருவதாக இருந்தால் இந்த மூன்றையும் முதலில் கேட்பேன். ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள், நாலு வழிச் சாலையில் 140-க்கு மேலேயே போக நினைக்கிறவர்கள், இதை வாங்கி ரீமேப் செய்வதற்குப் பதில் பழைய நிஞ்ஜா ஒன்றைத் தேடுவது நல்லது.