குறைதிறன் நிலையமா, முழுத்திறன் நிலையத்தில் துணை சேனலா?

அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றில் ஃபாக்ஸ், சிபிஎஸ் போன்ற தேசிய நெட்வொர்க் ஒன்று இணைப்பு தரத் தயாராக இருக்கிறது, ஆனால் கையில் முழுத்திறன் உரிமம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டுதான். அழைப்புப் பெயர் எல்டி என்று முடியும் குறைதிறன் உரிமம் ஒன்றை வாங்கிச் சொந்த டிரான்ஸ்மிட்டரில் ஓட்டலாம். இல்லையென்றால் உள்ளூர் முழுத்திறன் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு, அதே அலைவரிசையில் கூடவே போகும் 12.2, 12.3 போன்ற துணை சேனலில் உட்காரலாம். நாங்கள் எடுத்தது துணை சேனல். இன்று கேட்டாலும் பெரும்பாலான ஊர்களுக்கு அதையே சொல்வோம்.

செலவில் யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்ததே. யுஎச்எஃப் அலைப்பட்டையில் குறைதிறன் நிலையத்துக்கு உச்சவரம்பு 15 கிலோவாட் இஆர்பி (ஆன்டெனா ஆதாயத்தையும் சேர்த்து வெளியேறும் திறன்), விஎச்எஃப் பட்டையில் 3 கிலோவாட். ஆன்டெனா ஆதாயம் 15 மடங்கு, கேபிள் இழப்பு 1.5 டெசிபெல் என்றால், 15 கிலோவாட்டை எட்ட சுமார் 1.4 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் போதும். வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனாக்களுக்காகச் செங்குத்து அலையையும் சேர்த்தால் அதற்கென்று கூடுதல் திறன் வேண்டும். பக்கத்துச் சேனலுக்குக் கசியாமல் தடுக்கும் மாஸ்க் ஃபில்டர், குளிரூட்டல், டவர் வாடகை, ஸ்டுடியோவிலிருந்து டவருக்கு இணைப்பு எல்லாம் தனி. துணை சேனலில் இவை எதுவும் உங்கள் தலையில் விழாது.

சிக்னலிலும் பெரிய வாதம் தேவையில்லை. முழுத்திறன் யுஎச்எஃப் நிலையம் 1,000 கிலோவாட் வரை போகலாம். 15-உடன் ஒப்பிட்டால் சுமார் 18 டெசிபெல் வித்தியாசம். குறைதிறனுக்கு ஒரு சலுகை உண்டு: வரம்பு திறனுக்கு மட்டும்தான், ஆன்டெனா உயரத்துக்கு இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மலை இருந்தால் 15 கிலோவாட்டே நன்றாக வேலை செய்யும். எங்கள் அனுபவம் சமவெளியில்தான் என்பதால், மலைப்பகுதிக்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்ல மாட்டோம்.

முடிவைத் தீர்மானிப்பது கேபிளும் சாட்டிலைட்டும்தான். இதைக் கடைசியாக யோசிப்பவர்கள்தான் அதிகம்.

1992 கேபிள் சட்டத்தின்படி முழுத்திறன் நிலையம் 'என்னை ஏற்றியே ஆக வேண்டும்' என்று கேபிள் நிறுவனத்திடம் கேட்கலாம். குறைதிறன் நிலையத்துக்கு அந்த உரிமை கிடைக்க நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. 1990 கணக்குப்படி ஊர் 160 பெரிய மாநகரப் பகுதிகளுக்கு வெளியே இருக்க வேண்டும். மக்கள்தொகை 35,000-ஐத் தாண்டக் கூடாது. கேபிள் நிறுவனம் சிக்னலைப் பிடித்து வீடுகளுக்கு அனுப்பும் மையமான ஹெட்எண்ட் 35 மைலுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கவுண்டியில் வேறு முழுத்திறன் நிலையமே இருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தும் இடத்தில் விளம்பரம் கொடுக்க எத்தனை கடை இருக்கும்? சாட்டிலைட் நிறுவனங்களுக்கோ குறைதிறன் நிலையத்தை ஏற்ற வேண்டிய கட்டாயமே இல்லை.

துணை சேனலுக்கும் இந்த உரிமை கிடையாது. கட்டாயம் நிலையத்தின் பிரதான வீடியோவுக்கு மட்டும்தான் என்று ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி 2005-இல் உறுதி செய்துவிட்டது. ஆனால் துணை சேனல் தனியாகப் பேரம் பேசப் போவதில்லை. உங்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்கார நிலையம் என்பிசியோ ஏபிசியோ ஒளிபரப்புகிறது என்றால், அதை இழக்க எந்தக் கேபிள் நிறுவனமும் விரும்பாது. நிலையத்தை ஏற்ற கேபிள் நிறுவனம் போடும் மறுஒளிபரப்பு ஒப்புதல் ஒப்பந்தத்திலேயே உங்கள் சேனலும் ஒரு வரியாக ஏறிவிடும். வீட்டுக்கு ஆன்டெனா வைக்காதவர்களை எட்டுவதும், கேபிள் கட்டணத்தில் பங்கு வருவதும் அந்த ஒரு வரியால்தான். நெட்வொர்க்கும் அதில் தன் பங்கைக் கேட்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அந்த வரியிலும் கண்ணி உண்டு. நடப்பு ஒப்பந்தத்தில் புதிய துணை சேனல்களுக்கு இடமில்லை என்றால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் கேபிளுக்கும் சண்டை வந்து அவர் சேனல் கறுப்பானால் உங்களுடையதும் சேர்ந்து கறுப்பாகும். வீட்டுக்கார நிலையம் தன் சிக்னலுக்குள் உங்கள் சேனலை அடையாளம் காட்டும் புரோகிராம் எண்ணை மாற்றினால் ஹெட்எண்ட் ரிசீவர் உங்கள் சேனலைத் தொலைத்துவிடும். மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு ஹெட்எண்டுக்கும் தகவல் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பணபலம் உள்ளவர்களுக்கும் குறைதிறன் மட்டும் போதுவதில்லை. பாஸ்டனில் என்பிசி தன் பழைய இணைப்பு நிலையத்தை விட்டு 2017 ஜனவரி 1 அன்று சொந்த நிலையமாகத் தொடங்கியது டபிள்யூபிடிஎஸ்-எல்டி என்ற குறைதிறன் உரிமத்தில்தான். அது மட்டும் போதவில்லை. டபிள்யூஎன்இயூவின் துணை சேனலிலும் வேறொரு முழுத்திறன் நிலையத்தின் துணை சேனலிலும் அதே ஒளிபரப்பை ஏற்ற வேண்டியிருந்தது. 2018-இல் டபிள்யூஜிபிஎக்ஸ் நிலையத்தோடு அலைவரிசையைப் பகிரும் கிளாஸ் ஏ (இடையூறிலிருந்து பாதுகாப்பு உள்ள குறைதிறன் வகை) உரிமத்துக்கு மாறினார்கள்.

குறைதிறன் உரிமம் இரண்டாம்தரம் என்பதையும் மறக்க முடியாது. முழுத்திறன் நிலையத்துக்கு இடையூறு செய்யக் கூடாது, அதனால் வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இடம் கேட்டால் நகர வேண்டும். 2017-இல் எஃப்சிசியின் அலைவரிசை ஏலம் முடிந்து தொலைக்காட்சி அலைவரிசை 36-ஆம் சேனலோடு நின்றபோது முழுத்திறனுக்கும் கிளாஸ் ஏவுக்கும் இடமாற்றச் செலவு ஈடுசெய்யப்பட்டது. குறைதிறனுக்கான பணத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல்தான், அதுவும் 15 கோடி டாலர் வரை என்று ஒதுக்கியது. சேனல் மாறினால் ஸ்லாட் ஆன்டெனா பெரும்பாலும் வீண், ஏனென்றால் அது ஒரு சேனலுக்கென்றே வெட்டப்பட்டது. மாஸ்க் ஃபில்டரைத் திரும்ப டியூன் செய்ய வேண்டும். அதையும் மீறி குறைதிறன்தான் என்றால் பல சேனல்களுக்கும் பொருந்தும் பிராட்பேண்ட் பேனல் ஆன்டெனா வாங்குங்கள்.

துணை சேனலின் பலவீனம் பிட்ரேட். ஏடிஎஸ்சி 1.0 என்ற அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தில் மொத்தமே நொடிக்கு 19.39 மெகாபிட், அதில் வீட்டுக்காரரின் எச்டியும் உங்கள் எச்டியும் இருக்க வேண்டும். ஃபாக்ஸும் ஏபிசியும் 720p என்ற பட வடிவில் வருவதால், 1080i அனுப்பும் சிபிஎஸ், என்பிசியைவிடக் கொஞ்சம் சுலபம். அதன்மேல் வீட்டுக்காரர் பழைய சீரியல் சேனல்களை இரண்டு மூன்று அடைத்தால் கால்பந்து ஆட்டத்தில் புல்தரை கட்டம் கட்டமாக உடையும். ஒப்பந்தத்தில் சராசரி மட்டும் போதாது. குறைந்தபட்ச பிட்ரேட்டையும், சேனல்களுக்கிடையே பிட்ரேட்டை நொடிக்கு நொடி பங்கிடும் ஸ்டாட்மக்ஸில் உங்கள் முன்னுரிமையையும் எண்ணாகவே எழுதுங்கள். நிலையம் விற்கப்பட்டாலோ அடுத்த தலைமுறைத் தரமான ஏடிஎஸ்சி 3.0-க்கு மாறினாலோ உங்கள் இடம் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மறுவிற்பனையில் குறைதிறன்தான் மேல். உரிமம் உங்கள் சொத்து. துணை சேனல் வாடகை இடம், ஒப்பந்தம் முடிந்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. 95,000 தொலைக்காட்சி வீடுகளுக்கு மிகாத சந்தைகளில் குறைதிறன் நிலையங்கள் கிளாஸ் ஏ பாதுகாப்புக்கு மாற 2024 மே 30-இல் திறந்த வாய்ப்பு ஓராண்டில் மூடிவிட்டது. ஆகவே உரிமம் வாங்குபவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த விண்ணப்பம் போடப்பட்டதா, அனுமதி கிடைத்ததா என்பதே.

வீட்டுக்காரர் கிடைக்காத ஊரில் இந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. மிசூரியின் செயின்ட் ஜோசஃபில் அப்போது பெரிய நெட்வொர்க் ஒன்றை ஒளிபரப்பிய முழுத்திறன் நிலையம் ஏபிசியின் கேக்யூடிவி ஒன்றுதான். அங்கே 2012-இல் ஃபாக்ஸும் 2017-இல் சிபிஎஸும் குறைதிறன் நிலையங்களாகவே வந்தன. நடத்தியது உள்ளூர்ச் செய்தித்தாளை வைத்திருந்த நிறுவனம் என்பதால் உள்ளூர்ச் செய்திக்கும் விளம்பரத்துக்கும் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.