பரோசாவில் ஒயின் சுவைக்கச் செல்வோர் கவனத்திற்கு: புட்டியில் ஒட்டியிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்

அடிலெய்டிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பரோசா பள்ளத்தாக்கில், ஒயின் தயாரிப்பாளரே உடனமர்ந்து தென் ஆஸ்திரேலிய வட்டாரங்களின் ஐந்து சிவப்பு ஒயின்களை விளக்கிச் சுவைக்கத் தருவார் என்ற விளம்பரத்தை நம்பி, கடந்த மார்ச்சில் நானும் என் மனைவியும் தலைக்கு 95 டாலர் கட்டிச் சென்றோம். தயாரிப்பாளர் வரவில்லை. அறுவடைக் காலம் என்பதால் அவர் தோட்டத்தில் இருப்பதாக விற்பனைப் பணியாளர் சொன்னார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே திராட்சை அறுவடை நடக்கும் என்பது அந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். அப்படியிருக்க, அதே மாதத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கட்டணம் வாங்கியது தவறு.

அதைவிடப் பெரிய ஏமாற்று புட்டியில் இருந்தது. மூன்றாவதாக ஊற்றப்பட்டதைக் கூனவாராவின் கேபர்னே சாவிஞோன் என்ற திராட்சை வகையில் செய்த ஒயின் என்றார் அந்தப் பணியாளர். கூனவாரா என்பது சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய செம்மண் படிந்த, சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நிலப்பட்டை. அந்த மண்ணை 'டெரா ரோசா' என்பார்கள், அதில் விளையும் கேபர்னேக்காகவே நாங்கள் ஆவலோடு போயிருந்தோம். என் மனைவி புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தபோது, அதில் 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா ஆகியவற்றை முழுமையாகவும், குயின்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பகுதிகளையும் தனக்குள் அடக்கிய பரந்த மண்டலம் அது. பல ஊர்த் திராட்சைகளைக் கலந்து செய்யும் மலிவான ஒயின்களில் அந்தப் பெயரைப் பரவலாகக் காணலாம். ஆஸ்திரேலியச் சட்டப்படி ஒரு வட்டாரத்தின் பெயரை மட்டும் புட்டியில் போட வேண்டுமானால், குறைந்தது 85 விழுக்காடு அந்த வட்டாரத்துத் திராட்சையாக இருக்க வேண்டும். அச்சில் போட முடியாததைத்தான் அவர் வாயால் சொல்லி விற்றார்.

ஷிராஸ் என்ற இன்னொரு திராட்சை வகையில் செய்த பரோசா ஒயின் என்று தந்தது எப்போதோ திறந்த புட்டியிலிருந்து வந்தது. பழ மணம் முற்றிலும் போய், அடிபட்ட ஆப்பிளின் வாடையே எஞ்சியிருந்தது. திராட்சை வேரை அழிக்கும் ஃபில்லாக்சிரா பூச்சி எட்டாததால், 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கும் மண் அது. அந்த மண்ணின் பெயரில் கெட்டுப்போனதை ஊற்றியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

புறப்படும்போது, வருகைப் பதிவு என்று சொல்லி நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். அதைப் படிக்காமல் விட்டது என் பிழை. மூன்று வாரம் கழித்து அட்டையிலிருந்து 340 டாலர் பிடிக்கப்பட்டபோதுதான், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு புட்டி வாங்கும் உறுப்பினர் ஒப்பந்தம் என்று தெரிந்தது.

விளம்பரத்தில் சொன்னபடி சேவை தராவிட்டால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஈடு கேட்கலாம் என்பதால், புட்டியின் படத்தையும் விளம்பரத்தையும் இணைத்து எழுத்து மூலம் கேட்டேன். சுவைத்தல் கட்டணத்தில் பாதி திரும்பி வந்தது. உறுப்பினர் தொகை குறித்துத் தென் ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் அலுவலகத்தில் முறையிட்டுள்ளேன். நீங்கள் முன்பதிவு செய்யும்போது, குறிப்பிட்ட நாளில் தயாரிப்பாளர் இருப்பாரா, எந்தெந்தப் புட்டிகள் திறக்கப்படும், ஒவ்வொன்றிலும் எந்த வட்டாரத்தின் பெயர் உள்ளது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பதில் கையில் இருந்திருந்தால் மீதிப் பாதியையும் என்னால் கேட்டு வாங்கியிருக்க முடியும்.