பெரிய கிட் களஞ்சியத்துக்கு ஷாலோ குளோனா, பார்ஷியல் குளோனா?

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியம் ஒன்றை முழுமையாகக் குளோன் செய்தால் (நம் கணினிக்கு நகலெடுத்தால்), இன்றைய கோப்புகளோடு, எப்போதோ சேர்த்து மறுநாளே நீக்கப்பட்ட வீடியோவும் வரலாற்றின் பகுதியாக இறங்கிவிடும். இந்தச் சுமையைக் குறைக்கும் இரண்டு வழிகளில் முதல் நாள் எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், அடுத்த வாரம், ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எப்போது என்று காட்டும் பிளேம் கட்டளையைத் தரும்போதுதான் வேறுபாட்டை உணர்கிறார்கள்.

ஷாலோ குளோன் வரலாற்றையே வெட்டுகிறது. டெப்த் 1 என்று கொடுத்தால் கடைசி கமிட்டும் (பதிவு செய்த மாற்றமும்) அதற்குரிய கோப்புகளும் மட்டுமே வரும். அதற்கு முன் எதுவுமே இல்லாததுபோல் கிட் நடந்துகொள்ளும். பிளேம் எல்லா வரிகளையும் அந்த ஒரே கமிட்டின் கணக்கில் எழுதிவிடும். வரியின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு ^ குறியைத் தவிர வேறு எச்சரிக்கை இராது. வேலை தாமதமாவதைவிட இப்படித் தவறான விடை கிடைப்பதே ஆபத்தானது என்பது என் கருத்து.

2018இல் கிட் 2.17 உடன் வந்த பார்ஷியல் குளோன், வரலாற்றின் சங்கிலியை அறுப்பதில்லை. 'பிளாப்:நன்' வடிகட்டியைக் கொடுத்தால், எல்லாக் கமிட்டுகளும் கோப்புறை அமைப்பைச் சொல்லும் ட்ரீக்களும் வந்துவிடும். கோப்புகளின் உள்ளடக்கமான பிளாப்களில் செக்கவுட்டுக்கு (ஒரு பதிப்பின் கோப்புகளை வேலைக்காக விரித்து வைக்க) தேவையானவை மட்டும் இறங்கி, மற்றவை கேட்கும்போது சர்வரிலிருந்து வரும். கமிட்டுகளைப் பட்டியலிடும் லாக், இரு கிளைகளின் பொது மூதாதையைக் காணும் மெர்ஜ்-பேஸ் ஆகிய கட்டளைகள் வழக்கம்போல் இயங்கும். பிளேம் சரியான விடையையே தரும், ஆனால் பழைய பிளாப்களை அவ்வப்போது இறக்க வேண்டியிருப்பதால் மெதுவாக நகரும். இணையம் இல்லாத இடத்தில் நின்றுவிடும். 2025இல் வெளியான கிட் 2.49 இல் சேர்ந்த பேக்ஃபில் கட்டளை, விடுபட்ட பிளாப்களைத் தொகுதி தொகுதியாக இறக்கி இந்தக் குறையைத் தணிக்கிறது. ட்ரீக்களையும் விட்டுவிடும் 'ட்ரீ:0' வடிகட்டியை அன்றாட வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோப்பின் வரலாற்றைக் கேட்டாலே ட்ரீக்களை இறக்கத் தொடங்கிவிடும்.

சர்வரின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாலோ குளோனைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருப்பது சர்வருக்குப் பெருஞ்சுமை: மேக், லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்பிரூ திட்டம் தன் முதன்மைக் களஞ்சியங்களின் ஷாலோ குளோன்களைப் புதுப்பிக்க மறுத்து, முழு வரலாற்றையும் இறக்கச் சொன்னது அவற்றை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் கேட்டுக்கொண்டதனால்தான். பார்ஷியல் குளோனுக்கோ சர்வரில் வடிகட்டும் வசதி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு வரி எச்சரிக்கையோடு முழுக் குளோனே இறங்கும்.

ஆகவே நிரலை ஒருமுறை பில்ட் செய்து நகலை அழித்துவிடும் சிஐ இயந்திரத்துக்கு (தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கணினிக்கு) ஷாலோ குளோன் போதும். நாள்தோறும் நிரல் எழுதுபவருக்கு 'பிளாப்:நன்' பொருந்தும், அதிலும் பல குழுக்களின் நிரல் ஒரே களஞ்சியத்தில் இருந்தால் வேண்டிய கோப்புறைகளை மட்டும் விரிக்கும் ஸ்பார்ஸ் செக்கவுட்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பெரிய படங்களும் ஒலிக்கோப்புகளும் மட்டுமே சிக்கல் என்றால், குறிப்பிட்ட அளவை எட்டும் பிளாப்களை மட்டும் விலக்கும் 'பிளாப்:லிமிட்' வடிகட்டியே மேல்; ஏனோ இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. இவற்றில் எதுவும் சர்வரில் உள்ள களஞ்சியத்தைச் சிறிதாக்காது. அதற்கு ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவியால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். திருத்தம் தொடங்கும் இடத்திலிருந்து கமிட்டுகளின் அடையாளங்கள் மாறிவிடுவதால், குழுவினர் அனைவரும் புதிதாகக் குளோன் செய்ய நேரும்.