பனிமலை ஏற எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்? டிடி, 911, கேமன், எம்240ஐ, ஏ110

என் அக்கா மகன் கிரெனோபிளில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். பிரான்சில் இருந்த காலம் முழுக்க நான் கார் பட்டறையில் கிடந்தவன். அதனால் பாண்டிச்சேரி திரும்பி இத்தனை வருஷம் ஆன பிறகும் இந்த மாதிரிக் கேள்விகள் முத்தியால்பேட்டை வரைக்கும் தேடி வந்துவிடும். "மாமா, செகண்ட் ஹேண்ட்தான். வருஷம் பூரா அந்த ஒரே கார். குளிர்காலத்துல லீவு நாள்ல ஷாம்ரூஸ் ஏறணும். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டு ஐந்து கார்களின் பெயரை அனுப்பியிருந்தான்: ஆடி டிடி குவாட்ரோ, போர்ஷே 911 கரேரா 4, போர்ஷே கேமன், பிஎம்டபிள்யூ எம்240ஐ எக்ஸ்டிரைவ், ஆல்பீன் ஏ110. குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், கரேரா 4 என்ற பெயர் வருகிற மூன்றும் ஃபோர் வீல் டிரைவ்; மற்ற இரண்டிலும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் இருப்பதால், அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கிரெனோபிள் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் ஊர். 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஷாம்ரூஸ் 1,600 மீட்டருக்கு மேலே. ஒரு மணி நேரத்துக்குள் கீழே மழை, நடுவில் சேறு மாதிரி இளகிய பனி, மேலே வண்டிகள் ஏறி ஏறி இறுகிப்போன பனி என்று மூன்று சாலைகளைப் பார்த்துவிடலாம். தேடுகிற கார் இந்த மூன்றிலும் போய்த் திரும்ப வேண்டும்.

ஆனால் காருக்கு முன்னால் டயரைப் பேசியாக வேண்டும். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துவிடும்; பிறகு சாலையைப் பிடிக்காது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினிலிருந்து விசை போகிற காராகவே இருக்கட்டும், கோடை டயரோடு மலை ஏறினால் ஏறுவது மட்டும்தான் நடக்கும். இறங்கும்போது பிரேக் பிடித்தால் நிறுத்துவது டயர். ஃபோர் வீல் டிரைவுக்கு அங்கே வேலையே இல்லை. வளைவில் திருப்புவதும் அப்படித்தான். குளிர்கால டயர் போட்ட சாதாரணப் பின்சக்கர வண்டி, கோடை டயர் போட்ட விலையுயர்ந்த குவாட்ரோவைவிடப் பத்திரமாக வீடு வந்து சேரும். இதை அவனிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், "சரி மாமா, ஆனா குவாட்ரோ..." என்று திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றான்.

சட்டமும் இருக்கிறது. பிரான்சில் 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை, குறிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் நான்கு குளிர்கால டயர்கள் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் டயரில் மாட்டுகிற சங்கிலியோ துணி உறையோ டிக்கியில் இருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருந்தால்தான் அதைக் குளிர்கால டயர் என்று ஏற்பார்கள். சேறும் பனியும் என்று பொருள்படும் பழைய 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் போதாது. செகண்ட் ஹேண்ட் கார் விற்பவர் "குளிர்கால டயர் செட்டும் தருகிறேன்" என்றால் அந்தப் படம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு சிக்கல், டயரின் அகலம். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும்; ஒல்லியானது கீழே அழுத்திப் பிடிக்கும். ஆகவே 19 அங்குல ரிம்மைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, குளிருக்குப் பிரேக் இடிக்காத அளவில் எவ்வளவு சின்ன ரிம் பொருந்துமோ அதைப் போட வேண்டும். எந்த அளவுக்குச் சங்கிலி மாட்டலாம் என்பதைக் காரின் கையேடு சொல்லும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரிய ரிம்முக்குச் சங்கிலி மாட்டவே இடமிருக்காது.

இனி கார்கள். ஏ110-ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். தியெப் தொழிற்சாலையிலிருந்து 2017 முதல் வந்த கார், எடை 1,100 கிலோ அளவு, உடம்பு முழுக்க அலுமினியம். ஓட்டினால் இறங்க மனம் வராது. அவன் ஆசையெல்லாம் இதன்மேல்தான். மான்டே கார்லோ ராலியில் ஆல்பீன் ஜெயித்த கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தான். 1971-லும் 1973-லும் ஜெயித்தது உண்மை. ஆனால் அது எஞ்சின் பின்னால் இருந்த பழைய ஏ110, ராலிக்கென்றே ஆணி அடித்த டயர், ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் வேறு ரகம். அந்தக் கணக்குப் பார்த்தால் 1968, 69, 70 மூன்று வருஷமும் 911 ஜெயித்தது. 1984-ல் ஆடி குவாட்ரோ முதல் மூன்று இடத்தையும் அள்ளியது. இன்றைய ஏ110 பின்சக்கர வண்டி, சாமான் வைக்க இடம் கம்மி, பழையதும் விலை இறங்க மறுக்கிறது. வருஷம் பூரா ஒரே கார் என்றால் இது சரிப்படாது.

கேமனும் பின்சக்கரம்தான். ஆனால் எஞ்சின் நடுவில் இருப்பதால் பின்சக்கரத்தின் மேல் எடை உட்கார்ந்திருக்கும். நல்ல குளிர்கால டயர் போட்டால், எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே பனியில் போகும். எஞ்சின் முன்னால் இருக்கிற பிஎம்டபிள்யூ ஸீ4 மாதிரி பின்பக்கத்தை ஆட்டாது. மேட்டில் நின்று மறுபடி கிளம்பும்போதுதான் திணறும். 2009-க்கு முந்தைய எஞ்சின் என்றால் பேரிங் சமாச்சாரம் ஒன்று உண்டு. அதை 911-இல் சொல்கிறேன்.

எம்240ஐ எக்ஸ்டிரைவைப் பார்க்கிறவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அதுவே பிடித்த விஷயம். 2016-லிருந்து 2021 வரை இதில் வந்த ஆறு சிலிண்டர் 3 லிட்டர் டர்போ எஞ்சின் 340 குதிரைசக்தி, பெயர் கெடாத எஞ்சின். விசை பெரும்பாலும் பின்னால் போகும்; வழுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். நான்கு பேர் உட்காரலாம். ஒன்று மட்டும் கவனம்: நான்கு டயரும் ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்று ஓட்டினால் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் உழைத்துத் தேயும். மெதுவாக ஓட்டும்போது, வளைவில் லேசாக முடுக்கினால் வண்டி தட்டித் தட்டி இழுத்தால், விலை பேசாமல் வந்துவிடலாம்.

டிடிக்கு வருவோம். 1998-லிருந்து 2023 வரை மூன்று தலைமுறை. ஆடியின் பெரிய கார்களில் இருக்கிற குவாட்ரோ இதில் கிடையாது. எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் 'ஹால்டெக்ஸ்' என்ற கிளட்ச் பெட்டி பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். சாதாரணமாக முன்சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கப் பார்த்தால் எண்ணெய் அழுத்தத்தில் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பின்னாலும் விசை அனுப்பும். பனிக்கு இது தாராளமாகப் போதும். பிரச்சினை பராமரிப்பில். அந்தப் பெட்டியின் எண்ணெயைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தட்டுத் தூள் சேர்ந்து பம்பின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பின்சக்கரம் செத்துவிடும். காய்ந்த சாலையில் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, விளக்கும் எரியாமல் இருக்கலாம். வாங்கப் போகிறவர் சரளைக்கல் கிடக்கிற இடத்தில் நிறுத்தி, சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் மட்டும் கல்லை வாரி இறைத்தால் அது பெயருக்குத்தான் குவாட்ரோ.

தலைமுறையில் எதை எடுப்பது? முதல் தலைமுறை அழகு, ஆனால் வயதாகிவிட்டது. இரண்டாவதில் 2 லிட்டர் எஞ்சின் சிலவற்றில் எண்ணெய் குடிக்கும், 3.2 லிட்டரில் டைமிங் செயின் நீளும். மூன்றாவதில், 2014-க்குப் பிறகு வந்த 230 குதிரைசக்தி 2 லிட்டர் குவாட்ரோதான் என் கணக்கில் நல்ல பேரம். கூலன்ட் கசிவு வரும், பெரிய செலவில்லை. பின்சீட்டை மடித்தால் பனிச்சறுக்குக் கட்டையைப் படுக்க வைக்கலாம். 911 விசுவாசிகள் இதை 'சலூன் கடைக்காரர் கார்' என்று கிண்டல் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பனியில் மட்டும் ஓட்டி மார்க் போடச் சொன்னால் முதலிடம் 911 கரேரா 4-க்குத்தான். எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால், அதோடு முன்சக்கரமும் இழுக்கிறது. மேட்டில் நின்று கிளம்புவதில் இதை மிஞ்ச முடியாது. உடம்பும் 1970களின் நடுவிலிருந்தே துத்தநாகம் பூசிய இரும்பு. ஆனால் விலைக்கு ஏற்றபடி கிடைக்கிற பழைய 911 தலைமுறைகளான 996, முதல் பாதி 997 இவற்றின் எஞ்சின்களில், உள்ளே சுழலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங் உடைந்தால் எஞ்சினே போச்சு. அப்புறம் சிலிண்டர் சுவரில் கீறல். குளிரில் ஸ்டார்ட் செய்து, எண்ணெய் சூடேறுவதற்குள் விரட்டுகிற கார்களில்தான் இது அதிகம் என்பது பட்டறைக்காரர்கள் பேச்சு. 2009 மாடல் முதல் வந்த எஞ்சினில் அந்தப் பேரிங்கே கிடையாது. அது நல்ல கார், ஆனால் அந்தக் காசுக்கு டிடி வாங்கி, இரண்டு செட் டயர் போட்டு, மிச்சத்தில் ஊருக்கு வந்து கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். 911-இன் முன்பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர் இருக்கும். அங்கே விரலை விட்டுப் பார்த்தால் மக்கிய இலையும் உப்புச் சேறும் கெட்டியாக வரும். அந்தச் சேற்றுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர் அரித்துக்கொண்டிருக்கும்.

உப்பைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வைத்திக்குப்பம் கடலோரத்தில் நிறுத்துகிற பைக்கின் சைலன்சர் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். அங்கே பனி உருக உப்பைச் சாலையிலேயே கொட்டுகிறார்கள். வெதுவெதுப்பான கேரேஜில் நிறுத்தினால் காருக்கு நல்லது என்று நினைப்பார்கள். ஈர உப்போடு உள்ளே வைத்தால் வெளியே உறைந்து கிடப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அண்டர்பாடியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். வாங்கும்போது காரை லிஃப்டில் ஏற்றி, பிரேக் குழாய், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, சப்ஃப்ரேம் ஓரங்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், விற்பவரின் பேச்சைவிட அது நிறையச் சொல்லும். அரசின் 'இஸ்தோவெக்' தளத்தில் வண்டியின் வரலாற்றை இலவசமாகவே பார்க்கலாம். ஆறு மாதத்துக்குள் எடுத்த தகுதிச் சான்றை விற்பவர் காட்டியாக வேண்டும்.

அந்தக் காரை ஒருநாள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவரலாமா என்று அக்கா கேட்டது. முடியாது. பழைய காரை இந்தியாவுக்கு இறக்க வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு மேல் வயது ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

என் வரிசை இது: ஒரே கார், மிதமான காசு என்றால் மூன்றாம் தலைமுறை டிடி குவாட்ரோ. நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் என்றால் எம்240ஐ. காசு பெரிசில்லை என்றால் 2009-க்குப் பிந்தைய கரேரா 4. கேமனும் ஏ110-உம் இரண்டாவது கார் வைத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு. எதைப் பார்க்கப் போனாலும் காலையில், குளிரோடு குளிராகப் போ என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். முதல் ஸ்டார்ட்டில் செயின் சத்தம், நீலப் புகை, டப்பெட் தட்டல் எல்லாம் தெரிந்துவிடும். போய் நின்றதும் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடு.