இலவச ஐஸ்கிரீம் ஃப்ரீசர்: சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகுமா?

கோடை பிறக்கும் முன்பே ஐஸ்கிரீம் கம்பெனி ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கிவிடுவார்கள். டெபாசிட் கட்டினால் போதும், ஃப்ரீசர் இலவசம் என்பார்கள். பெட்டி நல்ல பெட்டிதான், ஐந்துக்கு நான்கு தரலாம். கூடவே வரும் ஒப்பந்தத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் பெட்டி. சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் மேலே கண்ணாடி மூடி வைத்த ஃப்ரீசர்தான் வருகிறது. உள்ளே மைனஸ் 18 டிகிரி நிற்க வேண்டும். உள்சுவரில் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் சரக்கு அடுக்கினால் மேல்வரிசை இளகும். இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் நாக்கில் நறநறவென்று படும், வாங்கியவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். மூடியில் நேர் வெயில் விழும் இடத்தில் பெட்டியைப் போட்டாலும் இதே கதைதான். சுவரில் பனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, அணைத்து உருக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். அந்த ரிப்பேர் "கடைக்காரர் கவனக்குறைவு" என்ற கணக்கில் உங்கள் தலையில் விழும்.

இலவசம் என்றாலும் கரண்ட் உங்களுடையது. ஒரு நாளைக்கு 3 யூனிட், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 900 ரூபாய். உங்கள் கமிஷன் 15 சதவீதம் என்றால் 6,000 ரூபாய்க்கு விற்ற பிறகுதான் கரண்ட் காசே தேறும். மழைக்கால மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், ஏப்ரல், மே விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இனி ஒப்பந்தம். அதில் இரண்டு வரிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "இந்தப் பெட்டிக்குள் வேறு கம்பெனி சரக்கு வைக்கக் கூடாது" என்பது ஒன்று. விற்பனைப் பிரதிநிதிகள் இதைத்தான் 'ப்யூரிட்டி' என்பார்கள். பெட்டி அவர்களுடையது, கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. "இந்தக் கடையில் வேறு கம்பெனி ஐஸ்கிரீம் விற்கக் கூடாது" என்பது மற்றொன்று. அது உங்கள் கடையையே எழுதி வாங்குவது. அந்த வரியை அடித்து, பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் ஒழிய ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பத்துக்குப் பத்து கடையில் முதல் வரியே இரண்டாவது வரியின் வேலையைச் செய்துவிடும் என்பதுதான் வேதனை. இன்னொரு பெட்டி வைக்க இடம் கிடையாது. உள்ளூரில் பால் ஐஸும் குல்ஃபியும் போடும் சின்னத் தயாரிப்பாளர் எவ்வளவு நல்ல சரக்கு கொண்டுவந்தாலும் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போவார். அயர்லாந்தில் இதே விவகாரம் பெரிய வழக்காக நடந்தது. எச்பி என்ற ஐஸ்கிரீம் கம்பெனி கடைகளுக்கு இலவசமாக ஃப்ரீசர் கொடுத்து, தன் சரக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. 1989இல் அங்கே ஐஸ்கிரீம் விற்க வந்த மார்ஸ் கம்பெனிக்குக் கடைகளில் இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 40 சதவீதக் கடைகளில் எச்பி பெட்டியைத் தவிர வேறு பெட்டியே இல்லை. அந்த நிபந்தனை போட்டியைக் கெடுக்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் 1998இல் முடிவு செய்தது, 2003இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குளிர்பானத்திலும் இதுபோல் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் கோகோ கோலா 2005இல் கொடுத்த உறுதிமொழிப்படி, வேறு குளிர்பெட்டி இல்லாத கடைகளில் அதன் இலவசப் பெட்டியில் 20 சதவீத இடத்தைக் கடைக்காரர் தன் விருப்பப்படி பயன்படுத்த முடிந்தது, 2010 வரை அது நடப்பில் இருந்தது. இங்கே பேரம் பேசும்போது இந்த 20 சதவீதத்தைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ஒரு மூலை கிடைத்தாலும் லாபம்தான்.

அடுத்தது சப்ளை. ஏரியாவுக்கு ஒரே விநியோகஸ்தர் என்றால், அவர் வண்டி வராத வாரம் உங்கள் பெட்டி காலியாக ஓடும், மீட்டரும் ஓடும். வாரத்துக்கு எத்தனை நாள் வண்டி வரும், பெட்டி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மெக்கானிக் வருவார், அதற்குள் கெட்ட சரக்குக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பிரதிநிதி வாயால் சொன்னது அவர் வேறு ஏரியாவுக்கு மாறும் நாளோடு போய்விடும். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை உத்தரவாதமாகக் கொடுக்கவே வேண்டாம்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்? போட்டிச் சட்டம் 2002இன் 3(4) பிரிவில் இப்படிப்பட்ட பிரத்யேக ஒப்பந்தங்கள் வருகின்றன. ஆனால் அவை எடுத்த எடுப்பிலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. சந்தையில் போட்டி குறிப்பிடத்தக்க அளவு கெடுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு கடையின் புகார் அதற்குப் போதாது. ஒரே ஊரில் எத்தனை கடைகளில் ஒரே கம்பெனி பெட்டி மட்டும் இருக்கிறது, எந்தத் தயாரிப்பாளருக்கு எங்கே இடம் மறுக்கப்பட்டது என்ற பட்டியலும் ஒப்பந்த நகல்களும் வேண்டும். வணிகர் சங்கமும் இந்தியப் போட்டி ஆணையத்தில் தகவல் தாக்கல் செய்யலாம் என்பதால் சங்கத்தின் வழியாகப் போவதே நல்லது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அப்படித் தாக்கல் செய்ய மூன்று ஆண்டுக் கால வரம்பும் உண்டு, தள்ளிப்போடக் கூடாது. டெபாசிட் பணத்தை மீட்டுத் தருவது ஆணையத்தின் வேலை இல்லை. அதற்குத் தனியாக வழக்கறிஞர் நோட்டீஸ், சிவில் வழக்கு என்றுதான் போக வேண்டும்.

கடைக்குள் இரண்டு பெட்டிக்கு இடமும் தனித்தனி பிளக் பாயிண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பழைய ஃப்ரீசராவது சொந்தமாக வாங்கிப் போடுங்கள், எல்லாக் கம்பெனி சரக்கும் வைக்கலாம். எப்படியும் கம்பெனி பெட்டிதான் என்று முடிவானால், இறக்கும் அன்றே பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் நம்பரையும் மூடியில் இருக்கும் கீறல்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். டெபாசிட் ரசீதில் அதே நம்பரை எழுதச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் கம்பெனி முத்திரையோடு ஒப்புதல் சீட்டு கைக்கு வந்த பிறகே பெட்டியை வண்டியில் ஏற்ற விடுங்கள்.